ஐந்தாம் நம்பர் மண்

அத்தியாயம் 11

அமீருதீன் தன் மகள் லுப்னாவிடம் பேசி அன்றோடு நான்கு நாள் ஆகியிருந்தது.

பேசவில்லை என்றால் வாயை மூடிக்கொண்டு இருந்தார் என்று நினைத்துவிட வேண்டாம். மூலக்கொத்தளத்துக் காயலான் கடைக்காரர் நான்கு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தால் தெருவே டாக்டரைக் கூட்டி வந்திருக்கும். பேச்சு வழக்கத்தைவிட அதிகமாகவே இருந்தது. எல்லாம் மனைவி காத்தூன் பீவியின் பெயருக்கு வந்தது, அவ்வளவுதான்.

"காத்தூனு, ஆபீசரம்மா டீ குட்ச்சிட்டாங்களான்னு கேளு."

"அவ இங்கதான் குந்திக்கினு கீறா. நீங்களே கேளுங்க."

"நான் இன்னாத்த கேக்கறது? நான் கேட்டா அதையும் ஒரு டப்பால போட்டு, நம்பர் ஒட்டி, டெஸ்ட்டுக்கு அனுப்பிச்சிருவாங்க."

லுப்னா டீயைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். ஆறிப்போய் மேலே ஏடு படிந்துவிட்டது.

கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. லுப்னா வேலை பார்ப்பது வருணா மோட்டார்ஸில். விம்கோ நகரைத் தாண்டி எண்ணூர் போகிற சாலையில் இருக்கிற கார் தொழிற்சாலை. அதில் சுற்றுச்சூழல் பிரிவு. ஐந்து வருடமாகப் புகை, தண்ணீர், கழிவு என்று அளந்து எழுதிக்கொண்டிருந்தவளுக்கு இந்த வருடம் புதிதாக ஒரு வேலை வந்தது.

தான் விற்ற கார் கிழடாகிப் போனால் அதைத் தானே திரும்ப வாங்கிக்கொள்வது என்று கம்பெனி முடிவெடுத்தது. வாங்கி, பிரித்து, இரும்பையும் பிளாஸ்டிக்கையும் கண்ணாடியையும் மறுபடி புதுக் காருக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது. பிரிக்கிற வேலைக்கு வெளியூரிலிருந்து ஆள் தேடாமல், வடசென்னைக் காயலான் கடைக்காரர்களையே கூட்டாளிகளாகச் சேர்த்துக்கொள்வது.

காத்தூன் பீவி இதைக் கேட்டபோது சிரித்துவிட்டாள். "பொண்ணைக் கட்டிக் குட்த்துட்டு மறுவூட்டுக்கு அயைக்கிற மாதிரி இல்ல கீது! காருக்கா மறுவூடு?"

மறுவீடுதான். ஆனால் அழைத்து வர மூன்று ஷெட்டுக்குத்தான் இடம். மனுப் போட்டவை ஏழு. இடம் கிடைக்காத ஷெட்டுக்கு இனிமேல் வருணா கார் ஒன்றுகூட வராது. அமீருதீனின் ஷெட்டில் உடைகிற பத்து வண்டியில் எட்டு வருணா. அதாவது, இடம் கிடைக்காவிட்டால் ஷெட்டை மூடிவிட்டு அவரும் மகன் அஃப்ரித்தும், கூட இருக்கிற ஒன்பது பேரும் வேறு பிழைப்புப் பார்க்க வேண்டியதுதான்.

முதல் பரீட்சை மண். ஏழு ஷெட்டிலும் மண்ணெடுத்து, அதில் எண்ணெயும் ஈயமும் எவ்வளவு ஊறியிருக்கிறது என்று பார்ப்பது. எடுத்து வந்தவள் லுப்னா. ஐந்தாம் நம்பர் என் அப்பாவின் ஷெட் என்று முதல் நாளே ஆபீஸில் எழுதிக் கொடுத்துவிட்டாள். தேர்வில் அவளுக்கு ஓட்டுக் கிடையாது. எடுக்கிற வேலை மட்டும்தான்.

முடிவு வந்தது. ஏழில் மோசமான மண் ஐந்தாம் நம்பர்.

கடிதம் ஷெட்டுக்குப் போன அன்றுதான் அமீருதீன் கேட்டார், "என் ஷெட்ல எப்போ மண்ணு எட்த்தாங்க?" வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்கு எல்லாரும் போயிருந்த ஒரு மணி நேரத்தில் எடுத்தது என்று தெரிந்தது. எடுத்தது யார் என்றும் தெரிந்தது. அன்றிலிருந்துதான் இந்த மௌனம், அதாவது காத்தூன் பீவி வழியாக நடக்கும் மௌனம்.

நான்கு நாளும் அவர் சும்மா இருக்கவில்லை. ஷெட்டின் கறுத்த தரையை மண்வெட்டி போட்டு அள்ளி, இரண்டு லாரி சிவப்புக் கிராவல் கொட்டி நிரவிவிட்டார். பெருநாளைக்கு வெள்ளையடித்த மாதிரி ஷெட் பளிச்சென்று இருந்தது. இரண்டாவது பரீட்சைக்கு, கார் பிரிக்கிற விதத்தை நேரில் பார்க்க, இன்று பதினொரு மணிக்குக் கம்பெனிக் குழு வருகிறது.

லுப்னாவை நான்கு நாளாக ஒரு கேள்வி குடைந்துகொண்டிருந்தது. கடைசியில் கேட்டே விட்டாள்.

"அத்தா, அள்ளின மண்ணு எங்க போச்சு?"

அமீருதீன் இட்லியை வடகறியில் தோய்த்தார். "காத்தூனு, மண்ணு மேல எம்மாம் பாசம் பாத்தியா? பெத்த அப்பன் எங்க போறான்னு ஒரு நாள் கேட்டுருப்பாளா?"

"கால்வாய்ல கொட்டிட்டீங்களா அத்தா?"

அவர் கையைக் கழுவிக்கொண்டு, சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

லுப்னா ஆறின டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். கால்வாயில் கொட்டியிருந்தால் அதையும் அவள்தான் எழுத வேண்டும். எழுதினால் ஷெட் போயிற்று. எழுதாவிட்டால் ஐந்து வருடமாக எழுதியதற்கெல்லாம் என்ன அர்த்தம்?

வாசலில் செருப்பு மாட்டும்போது காத்தூன் பீவி கூடவே வந்து நின்றாள்.

"நீ செஞ்ச வேலை தப்பா ரைட்டா, அத்த நான் பேசல. படிச்சவ நீ. ஆனா அவரு இல்லாத நேரமாப் பாத்துப் போனியே, அது எனக்கே புடிக்கல."

"இருந்திருந்தா அவரு நல்ல எடமாக் காட்டியிருப்பாரும்மா."

"காட்டட்டுமே. அப்பறம் நீ சண்டை போட்டுருக்கலாமே. நம்ம வூட்ல சண்டைக்கா பஞ்சம்?"

லுப்னாவுக்கு அழுகை வந்தது. அழ நேரம் இல்லாததால் அப்படியே ஷேர் ஆட்டோ ஏறிவிட்டாள்.

*

பதினொரு மணிக்கு வரவேண்டியவர்கள் பதினொன்றே காலுக்கு வந்தார்கள். மொத்தம் மூன்றே பேர். ஒருத்தி லுப்னா. இன்னொருவர் தொழிற்சாலைப் பராமரிப்பு மேலாளர் அய்யாத்துரை. இஸ்திரி கலையாத சட்டை, கையில் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் டிக் போடுகிற மனிதர். மூன்றாவது, சுற்றுச்சூழல் பிரிவின் தலைவி ஃப்ளோரன்ஸ். ராயபுரத்தில் பிறந்து ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். ஆபீஸில் அவர் பேசுகிற தமிழைக் கேட்டால் செய்தி வாசிப்பது போல இருக்கும். கோபம் வந்தால் மட்டும் ராயபுரம் வந்துவிடும்.

ஷெட்டுக்கு நடுவில் ஒரு வெள்ளை வருணா, பதினாறு வயது, ஜாக்கிமேல் ஏறி நின்றது. அமீருதீன் "பிஸ்மில்லா" என்று சொல்லி வேலையை ஆரம்பித்தார்.

முதலில் பேட்டரி. தூக்கி, அதற்கென்று வைத்திருந்த பிளாஸ்டிக் தட்டில் வைத்தார். அடுத்தது டேங்க். பிறகு எஞ்சின் ஆயில். நாற்பது வருடமாக நட்டைத் திருகி மண்ணில் ஓடவிட்டே பழகிய கை அது. இன்று அந்தக் கை கீழே அகலத் தட்டை வைத்து, புனலைச் செருகி, நட்டைக் கால் திருகாகத் திருகியது. ஆயில் நூலாக இறங்கியது. ஒன்பது ஆட்களும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார்கள். ஒரு சொட்டுக்கூட வெளியே விழவில்லை.

அய்யாத்துரை டிக் போட்டார். "பிரமாதம். தரையும் சுத்தமா இருக்கே! அஞ்சாம் நம்பர் ஷெட்டுன்னு நம்பவே முடியல மேடம்."

ஃப்ளோரன்ஸ் ஷூ நுனியால் தரையை லேசாகக் கிளறினார். சிவப்பு. இன்னும் கொஞ்சம் கிளறினார். அப்போதும் சிவப்பு.

"புதுக் கிராவல். நல்லாத்தான் இருக்கு. இதுக்கு அடியில இருந்த மண் எங்க?"

 லுப்னாவின் தம்பி அஃப்ரித் இருபத்தைந்து வயது முந்திரிக்கொட்டை. அவன் முன்னால் வந்தான்.

"கார்ப்பரேஷன் லாரி வந்து வாரிக்கினு பூட்ச்சி மேடம்."

"எந்த லாரி? எப்போ?"

"வந்து... திங்கக்கெயமை மேடம். காலீல."

 தம்பி பொய் சொல்கிறான் என்பது லுப்னாவுக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே பொய் சொன்னால் வலது காதைத் தடவுகிற பயல். இப்போது அவன் அந்தக் காதைப் பிய்த்தே எடுத்துவிடுவான் போலிருந்தது. அவள் வாயைத் திறக்கப் போனாள்.

அதற்குள் அமீருதீன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

"பொய் சொல்லாதடா. வாங்க மேடம், காட்றேன்."

ஷெட்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட சரிவு ஒன்று உண்டு. கதவுகள், பம்பர்கள், யாருக்கும் தேவைப்படாத சீட்டுகள் எல்லாம் அங்கேதான் கிடக்கும். அந்தச் சீட்டுகளைத் தள்ளினார். பின்னால் டிரம்கள். ஒன்றன்மேல் ஒன்றாக, மூடி போட்டு, மூடியைச் சுற்றி இரும்பு வளையம் மாட்டி இறுக்கிய டிரம்கள்.

"முப்பத்தொண்ணு கீது. எண்ணிக்கோங்க."

அய்யாத்துரை ஒரு மூடியைத் திறக்கச் சொன்னார். அஃப்ரித் திறந்தான். கறுப்பு மண். எண்ணெய் வாடை மூக்கில் ஏறியது.

"ஏன் வச்சிருக்கீங்க? கொட்டிட்டு வந்திருக்கலாமே, யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் ஃப்ளோரன்ஸ். கேள்வி குற்றம் சாட்டுகிற மாதிரி இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அமீருதீனுக்குக் கொஞ்சம் வெட்கமாகப் போய்விட்டது.

"லாரி புட்ச்சி வச்சிட்டேன் மேடம். ஏத்தச் சொல்லவும் சொல்லிட்டேன். அப்பால மன்சு வரல. காயலான் கடை வச்சிக்கினு கீறேன், இத்தினி வருசத்துல ஒரு ஸ்க்ரூவைக்கூட நான் தூக்கிப் போட்டதில்ல. எதுனா ஒண்ணுக்கு ஆவும்னு வச்சிக்குவேன். இந்த மண்ணுல பாதி எண்ணை. காஞ்சா சோக்கா எரியும். சூளைக்காரன் எவனாச்சும் கேப்பான்னு..."

"ஐயோ, எரிச்சிடாதீங்க!" ஃப்ளோரன்ஸ் பதறிவிட்டார்.

"எரிக்கல மேடம். மூடி வச்சிக்கிறேன். வாடை வூட்டாண்ட வரக்கூடாதுன்னு வளையம் போட்டேன்."

ஃப்ளோரன்ஸ் சிரித்தார். முதலில் அடக்கிப் பார்த்தார், முடியவில்லை.

"அய்யாத்துரை சார், கெட்டுப்போன மண்ணை எப்படி வைக்கணும்னு நம்ம ஆட்களுக்கு நாலு தடவை வகுப்பு எடுத்தோமே, ஞாபகம் இருக்கா? மூடி போட்ட டிரம், வளையம், கூரைக்கு அடியில, மழை படாத இடம். இவருக்கு யாரு வகுப்பு எடுத்தாங்க?"

அய்யாத்துரை டிக் போடக் கட்டம் தேடினார். பட்டியலில் அப்படி ஒரு கட்டமே இல்லை.

லுப்னா டிரம்களைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கால்வாயில் கொட்டவில்லை. அப்பாடா என்றிருந்தது. கூடவே வெட்கமும் வந்தது. அப்பா பொய்க்குப் பின்னால் ஒளியவில்லை, முப்பத்தொரு டிரம்மையும் காட்டிவிட்டார். அவளிடம் இருப்பதை அவள் இன்னும் காட்டவில்லை.

"மேடம், நான் ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"மத்த ஆறு ஷெட்லயும் ஓனர் காட்டின இடத்துல மண்ணெடுத்தேன். எல்லாரும் சுத்தமான மூலையாத்தான் காட்டினாங்க. எனக்குத் தெரிஞ்சது, இருந்தும் எடுத்தேன். இந்த ஷெட்ல மட்டும் நானே இடம் பாத்தேன். எஞ்சினைத் தூக்கற சங்கிலிக்கு நேர் கீழ. இங்க அதைவிடக் கறுத்த மண்ணு வேற கிடையாது."

ஃப்ளோரன்ஸின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

"ஏன்?"

"அப்பாவுக்குச் சலுகை காட்டினேன்னு யாரும் சொல்லிடக்கூடாதுன்னு பயந்தேன் மேடம். அந்தப் பயத்துல அவருக்கு அநியாயம் பண்ணிட்டேன்."

அமீருதீன் மகளைப் பார்த்தார். நான்கு நாளைக்குப் பிறகு நேராக, முகத்தைப் பார்த்தார். கோபப்படுவதா வேண்டாமா என்று அவருக்கே முடிவாகவில்லை என்பது மீசையில் தெரிந்தது.

"அப்போ ஏழு டப்பால என் மண்ணு ஒண்டிதான் நெஜ மண்ணா?"

 பதிலுக்குக்கூடக் காத்திருக்காமல், என்னவோ பரிசு வாங்கிய மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

ஃப்ளோரன்ஸ் ஒரு பழைய கார் சீட்டில் உட்கார்ந்துவிட்டார். "இன்னா லுப்னா இது? ரெண்டு மாச வேலை போச்சே! ஆறு டப்பாவும் வேஸ்ட்டு!" ராயபுரம் வந்துவிட்டது.

"ஆமா மேடம்."

"எல்லா ஷெட்டுக்கும் மறுபடி போகணும். யாரும் இடம் காட்டக் கூடாது. கறுத்த இடமா நாமதான் பார்க்கணும்." அமீருதீன் பக்கம் திரும்பினார். "பாய், மூணுல ஒரு இடம் உங்களுக்குத்தான்னு இப்ப நான் வாக்குக் குடுக்க முடியாது. இந்த முப்பத்தொரு டிரம்மைக் கம்பெனி எடுத்துக்கும், மண்ணைச் சுத்தம் பண்ற இடத்துக்கு அனுப்பி வைப்பேன். நீங்க மூடி வச்சிருந்ததையும் எழுதி வைப்பேன். அது என்னால முடியும்."

"போதும் மேடம். எய்துனா போதும்." அமீருதீன் கொஞ்சம் யோசித்தார். "மேடம், ஒண்ணு கேட்டா கோச்சிக்க மாட்டீங்களே?"

"கேளுங்க."

"எங்க மண்ணெல்லாம் பாக்கறீங்க. உங்க கம்பெனி மண்ணு?"

"பார்க்கிறோம் பாய். வருஷா வருஷம் டெஸ்ட் பண்றோம். சுத்தம்னுதான் வருது."

"எடம் யாரு காட்றது?"

ஃப்ளோரன்ஸ் வாயைத் திறந்தார். திறந்த வாயோடு அய்யாத்துரையைப் பார்த்தார். லுப்னாவும் பார்த்தாள். தட்டில் டீயோடு வந்து நின்ற அஃப்ரித்தும், எதற்கென்று தெரியாமலே, பார்த்தான்.

அய்யாத்துரை பட்டியலை மடித்தார்.

"நான்தான்" என்றார்.

பெரிய குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி அவர் சொல்லவில்லை. நல்ல மனிதர்தான். கேன்டீன் பக்கம் புல்தரை இருக்கிறது, நிழல் இருக்கிறது, மண்ணெடுக்க வருகிறவர்களுக்கு வெயில் படாமல் இருக்கட்டும் என்று அங்கேயே கூட்டிப்போய்ப் பழகிவிட்டது. பெயின்ட் ஷெட்டுக்குப் பின்னால், புதுச் சுத்திகரிப்பு நிலையம் வருவதற்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு வருடம் பெயின்ட் கழிவு ஓடிய பழைய வாய்க்கால் பக்கம் யாரும் போனதில்லை. போகலாமா என்று யாரும் கேட்டதும் இல்லை.

ஃப்ளோரன்ஸ் டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

"லுப்னா, நாளைக்குக் காலையில ஏழு மணி. மறுபடி எடுக்கப்போற வரிசையில முதல் டப்பா நம்ம கம்பெனி. எட்டாம் நம்பர்னு எழுதுங்க. எங்க எடுக்கணும்னு நான் சொல்ல மாட்டேன், சாரும் சொல்ல மாட்டாரு."

"மேடம், தலைமை ஆபீஸ்ல ஒரு வார்த்தை..." என்று இழுத்தார் அய்யாத்துரை.

"நான் பேசிக்கறேன். இவங்க தரையைப் பேத்துப் பார்க்க வந்தோமே சார், யாருகிட்ட கேட்டு வந்தோம்?"

 மூன்று பேரும் காரில் ஏறினார்கள். அமீருதீன் கொடுத்த டீயை அய்யாத்துரை மட்டும் குடிக்காமல் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

*

சாயங்காலம் ஆறு மணிக்கு லுப்னா வீட்டுக்குப் போகாமல் நேராக ஷெட்டுக்கு வந்தாள்.

ஆட்கள் போய்விட்டிருந்தார்கள். அஃப்ரித் எண்ணூருக்கு ஒரு கியர்பாக்ஸ் கொண்டுபோயிருந்தான். அமீருதீன் மட்டும் இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸில் ஒரு குழாயை மாட்டி அரத்தால் தீட்டிக்கொண்டிருந்தார். பழைய ஜீப்பின் ஸ்டீரிங் குழாய்.

"அத்தா, ஜும்மா நேரமாப் பாத்து வந்தது தப்பு."

அரம் நிற்கவில்லை. "தப்புதான்."

"உங்க கிட்ட சொல்லாம இருந்ததும் தப்பு."

"அதுவும் தப்புதான்." அரம் நின்றது. "உங்கம்மா சொல்றா, பொண்ணு சண்டை போட்டுருக்கலாம்னு. நீ வந்து சண்டை போட்டுருந்தா நான் இன்னா பண்ணியிருப்பேன் தெரியுமா? நானும் சுத்தமான மூலையத்தான் காட்டியிருப்பேன். அப்பால உன்ன வூட்டுக்கு அனுப்பிச்சிட்டு, நைசா ஒரு டீ சாப்ட்டுருப்பேன்."

லுப்னா சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்தது. நான்கு நாள் சேர்த்து வைத்ததை எல்லாம் அங்கேயே, எஞ்சின் தூக்குகிற சங்கிலிக்குக் கீழே நின்று அழுது தீர்த்தாள். அமீருதீன் தடுக்கவில்லை. கை முழுக்கக் கிரீஸ் என்பதால் முழங்கையால் அவள் தோளை ஒரு இடி இடித்தார். அந்த வீட்டில் கொஞ்சுவது என்றால் அதுதான்.

"நாளைக்கு எத்தால தோண்டப்போற?"

"ஆபீஸ்ல ஒரு சின்னக் கரண்டி குடுத்திருக்காங்க. ஒரு சாண் போகும்."

"கரண்டியா? இன்னா, பாயசம் கிண்டவா போற?" குழாயை வைஸிலிருந்து கழற்றிக் காட்டினார். ஒரு முனையைச் சாய்வாக அறுத்து, அரத்தால் தீட்டி, கத்தி மாதிரி ஆக்கியிருந்தார். மறு முனையில் இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்து வெல்டு செய்திருந்தார். "இத்த நிமித்தி வச்சி, ரெண்டு கையாலயும் திருகு. குயாய்க்குள்ள மண்ணு அப்படியே ஏறிக்கும். மேல இன்னா, நடுவுல இன்னா, அடில இன்னா, எல்லாம் வரிசையா தெரியும். ரெண்டடி போவும்."

லுப்னா வாங்கிப் பார்த்தாள். ஆபீஸில் இதே மாதிரி ஒன்று வேண்டும் என்று ஒரு வருடமாக எழுதிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு அத்தா ரெண்டடி? ஒரு அடி போதுமே."

"மேல இருக்கறத நம்பாத. எவனா இருந்தாலும் மேல நல்ல மண்ணு போட்டு வச்சிருப்பான்." மீசைக்குள் சிரித்தார். "நானே போட்டவன். எனக்குத் தெரியாதா?"

இருவரும் சேர்ந்து ஷெட் ஓரத்துத் தரையில் அதை ஒரு முறை இறக்கிப் பார்த்தார்கள். குழாய் நிறைய மண் வந்தது. மேலே சிவப்பு, கீழே கறுப்பு. இன்னும் அள்ளவேண்டியது இருக்கிறது என்று அமீருதீன் முனகிக்கொண்டார். மேலும் பத்து டிரம் வேண்டியிருக்கும் என்று அவரே கணக்கும் சொன்னார். லுப்னாவுக்கு மனசு லேசாகிவிட்டது. நாளை காலை ஏழு மணிக்காக அவள் முதல் முறையாக ஆசையோடு காத்திருந்தாள்.

அப்போதுதான் அஃப்ரித்தின் டெம்போ வந்து நின்றது.

"அக்கா, உங்க கம்பெனில இன்னா விசேசம்? கட்டடம் எதுனா கட்றாங்களா?"

"இல்லியே. ஏன்?"

"எண்ணூர்லேர்ந்து வந்துகினு கீறேன். உங்க பின்னால கேட்டு கீதே, பெயின்ட் ஷெட்டு பக்கம்? அங்க லாரி நிக்குது. கிராவல் எறக்கிக்கினு கீறாங்க. நம்ம கொட்டினோமே, அதே செவப்பு. நம்மகிட்ட கொட்டின அதே டிரைவர்தான் அக்கா, கை காட்டுனான்."

லுப்னாவின் கையில் இருந்த குழாய் கனத்தது. ஃப்ளோரன்ஸ் மேடம் மத்தியானம் தலைமை ஆபீஸுக்குப் பேசினார். அய்யாத்துரை சாரும் யாருக்கோ பேசிக்கொண்டிருந்தார். இரண்டில் எந்தப் பேச்சுக்கு இந்த லாரி வந்தது?

ஃபோனை எடுத்தாள். மேடத்தின் நம்பர் வரைக்கும் போய், அழுத்தாமல் நின்றாள். அழைத்து, மேடம் எனக்குத் தெரியாது என்று சொன்னால் நம்பலாமா?

அமீருதீன் அவசரப்படவில்லை. மகனைக் கேட்டார்.

"எத்தினி லாரி?"

"நான் பாக்கச் சொல்ல ரெண்டு எறங்கிட்ச்சி. மூணாவது கேட்டாண்ட நிக்குது."

"மூணு லாரியா?" மனசுக்குள் அளந்து பார்த்தார். இந்தத் தரையில் இரண்டு லாரி எவ்வளவு ஏறியது என்று அந்தத் தெருவில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் கிடையாது.

"போன் பண்ணு, பண்ணாத, அது உன் இஷ்டம்" என்றார் மகளிடம். "மூணு லாரி கொட்டினா ஒரு அடி ஏறும். முப்பது கொட்டட்டும். அடில கீற மண்ணு அடிலதான கீது, எங்க ஓடிறப்போவுது?"

மகள் கையிலிருந்த குழாயை வாங்கி ஓரமாக வைத்தார். சரிவுப் பக்கம் போய், வேன் ஒன்றின் அடியிலிருந்து கழற்றிப் போட்டிருந்த, உள்ளே கூடான நீள ஷாஃப்டை இழுத்தார். அது குழாயைப் போல இரண்டு மடங்கு நீளம்.

"வா, அந்தப் பக்கம் புடி. நாலடியா அறுக்கலாம்."

லுப்னா ஃபோனைப் பைக்குள் போட்டுவிட்டு வந்து மறு முனையைப் பிடித்தாள்.